மெஷின் சரி என்று எழுதிக் கொடுத்தவன்

எங்கள் பழைய கம்பெனி ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் பூப்படம், மத்தியானம் மூட்டுவலிக்குக் கஷாயம், சாயங்காலம் யாராவது செத்துப்போன செய்தி. போன மாதம் அதில் ஒருவர், சர்வீஸில் மறக்க முடியாத அனுபவத்தை ஆளுக்கு ஒன்று எழுதுங்கள், தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்று கிளப்பிவிட்டார். அவ்வளவுதான், எல்லோரும் ஆரம்பித்துவிட்டார்கள். வெளிநாட்டு எஞ்சினியரே கைவிட்ட கிரைண்டிங் மெஷினை ஒருத்தர் ஒற்றை ஸ்பேனரால் ஓட வைத்தாராம். அந்த மெஷினைத் திறந்து மூடியது நான். அவர் டார்ச் பிடித்தார். போகட்டும், வயசான காலத்தில் மனுஷனுக்கு ஏதோ ஒரு பெருமை வேண்டியிருக்கிறது.

நான் எழுதப்போவது பெருமை இல்லை. ஏகாம்பரம் என்ற மில்லிங் ஆபரேட்டரின் பெயரைக் கெடுத்தது யார் என்பதை எழுதப்போகிறேன். குழுவில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். ஆனால் அவன் குழுவில் இல்லை. அவனைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

என் பெயர் கஜேந்திரன். ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, பாடியில் இருந்த கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கையில் அரம், கண்ணில் இரும்புத்தூள், எல்லோரும் பட்டதுதான். மெயின்டனன்ஸில் நிரந்தரமானபோது 417 என்று டோக்கன் நம்பர் கொடுத்தார்கள்.

எங்கள் ஃபோர்மேன் தேவசகாயம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் கீழே போகும். நாங்கள் கிட்டே போய்க் காதைக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டு வருவோம். ரிப்பேர் என்று கூப்பிட்டால் நேரே மெஷினுக்குப் போகமாட்டார். ஆபரேட்டரிடம் போய், "என்ன செய்யுது, சொல்லு" என்பார். அவன் கதை கதையாக அளந்தாலும் குறுக்கே பேசமாட்டார். எல்லாம் கேட்டுவிட்டு மெஷின் உடம்பில் உள்ளங்கையை வைத்து, ஓட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். அதற்கப்புறம்தான் டூல்ஸ் பெட்டியைத் திறப்பார்.

அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. முதலாவது, மெஷினுக்குள் நீ எதை வைத்தாலும், சின்னத் தகடாக இருந்தாலும், அதில் உன் டோக்கன் நம்பரைக் கீறிவிட்டுத்தான் வைக்க வேண்டும். "நாளைக்கு இன்னொருத்தன் திறப்பான். யார் வெச்சதுன்னு தெரிஞ்சா போய்க் கேப்பான்ல" என்பார். இரண்டாவது, ரிப்பேர் முடிந்ததும் ஆபரேட்டர் ஒரு ஜாப்பை, அதாவது ஒரு உருப்படியை, முழுக்க வெட்டிக் காட்ட வேண்டும். ஃபிட்டர் கடைசி வரை பக்கத்தில் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் மெஷின் அட்டையில் கையெழுத்து. "சும்மா நிக்கிறப்போ எல்லா மெஷினும் நல்ல மெஷின்தான்யா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் இருந்தவரை இரண்டையும் செய்தேன். அவர் ரிட்டயர் ஆன பிறகு நம்பர் கீறுவது மட்டும் கைப்பழக்கமாக ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நிற்பது கழன்றுவிட்டது. நான் சீனியர் ஆகிவிட்டேன் அல்லவா. சீனியர் எதற்குக் கால் கடுக்க நிற்க வேண்டும்?

ஏகாம்பரம் வேப்பம்பட்டுக்காரன். மின்சார ரயிலில் அவன் எனக்கு முன்னாடியே ஏறி, டிபன் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு வருவான். நான் ஆவடியில் ஏறுவேன். கொரட்டூரில் இறங்கிச் சேர்ந்தே நடப்போம். மத்தியானச் சோறும் சேர்ந்துதான். அவன் மனைவி புஷ்பா வைக்கும் கருவாட்டுக் குழம்புக்காகவே என் டப்பாவை அவன் பக்கம் தள்ளிவிடுவேன். என் ஆயுசில் நான் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டது அவன் ஒருவனைத்தான்.

அவனுடையது ஒரு வெர்டிகல் மில்லிங் மெஷின். நீளமான ஸ்டீல் பிளேட்டுகளின் மேல்புறத்தைச் சமமாக வெட்டும் வேலை. திடீரென்று பிளேட்டுகள் ரிஜெக்ட் ஆக ஆரம்பித்தன. ஒரு முனை சரியாக இருக்கும், மறுமுனை அறுபது மைக்ரான் மெலிந்திருக்கும். ஒரு தலைமுடி கனம்தான். ஆனால் டிராயிங்கில் அதில் பாதிக்குக்கூட அனுமதி இல்லை. ஒரு வாரம் அப்படியே போயிற்று. புதிதாக வந்திருந்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மெஷின்ல இன்னாவோ கீது கஜா. வெட்டும்போது அந்தக் கோடியில லேசா தூக்குது. ஹேண்டில் புடிச்சிக்கினு கீறேன்ல, கையில தெரியுது" என்றான் ஏகாம்பரம்.

நான் என் வழியில் பார்த்தேன். லெவல் வைத்தேன். கட்டர் சுழலும் ஸ்பிண்டிலில் மைக்ரான் அளக்கும் டயலை மாட்டி மெஷினின் மேஜையைச் சுற்றி ஓட்டினேன். மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்த்தினேன். முள் அசையவில்லை.

"ஒரு ஜாப் ஓட்டறேன். நீ பக்கத்துல நில்லு. ரெண்டாவது வெட்டுல உனுக்கே தெரியும்" என்றான்.

ஷிஃப்ட் முடிய கால் மணி நேரம் இருந்தது. மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், சூப்பர்வைசர்கள் இரண்டு பேர், வேடிக்கை பார்க்க நாலு பேர். "டயல்ல இல்லாதது உன் கையில கீதா? உன்ன வெச்சி டயல செக் பண்ணச் சொல்றியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்.

மேனேஜர் கேட்டார்: "மெஷினா, ஆளா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"மெஷின் சரி சார்" என்றேன். அட்டையிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மெஷின் சரி என்றால் ஆள் சரியில்லை என்று அர்த்தம். விசாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குடிப்பான் என்று யாரோ சொன்னார்கள். நானும்தான் குடிப்பேன், அவனோடு சேர்ந்துதான். கை நடுக்கம், நுணுக்க வேலைக்குத் தகுதி இல்லை என்று எழுதி அவனை மெஷினிலிருந்து எடுத்து மெட்டீரியல் டிராலி தள்ளப் போட்டார்கள். இருபது வருஷம் மில்லிங் பிடித்தவன், நேற்றுச் சேர்ந்த பையன்கள் "அண்ணாத்தே, அந்த பிளேட்ட இங்க தள்ளு" என்று சொல்ல டிராலி தள்ளினான். அடுத்த நாள் ஆவடியில் ஏறினேன். அந்தப் பெட்டியில் அவன் இல்லை. வேறு பெட்டியில் போயிருந்தான். சோற்றுக்கும் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. நான் என்ன தப்பு செய்தேன், டயல் சொன்னதைச் சொன்னேன் என்று வீம்பாக இருந்தேன். கம்பெனி மூடுகிற வரை அப்படியே ஓடிப்போயிற்று.

இப்போது நான் பருத்திப்பட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் புனேயில், ஞாயிறு தோறும் போன் செய்வாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள். காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தால் அப்புறம் பேச ஆள் கிடையாது. சில நாள் பால் பாக்கெட் வாங்கும்போது பேசியதுதான் அன்றைக்குப் பேசியது. கஷ்டமாகத்தான் இருக்கிறது. இதைச் சொல்ல என்ன வெட்கம்? அதனால் பழைய மெஷின் பார்க்க யாராவது கூப்பிட்டால் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அப்படித்தான் குமுதா என்ற பெண் கூப்பிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று மெஷின் போட்டு ஜாப் வொர்க் செய்கிறாள். டிப்ளமோ படித்தவள், முக்கிய வேலைகளைத் தானே நின்று ஓட்டுவாள். செகண்ட்ஹேண்டில் ஒரு மில்லிங் மெஷின் வாங்கியிருந்தாள். வந்த நாளிலிருந்து பிரச்சினை.

"ஒரு முனை மெலிஞ்சு போகுது சார். கஸ்டமர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு. மூணாவது தடவையும் இப்படிப் போச்சுன்னா ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு சொல்லிட்டாரு. எனக்கு வேலை தெரியலன்னு நினைக்கிறாரு."

மெஷினைப் பார்த்தேன். புரோக்கர்கள் செய்கிற வேலை எல்லாம் செய்திருந்தார்கள். தேய்மானத்தின் மேல் பளபளவென்று பச்சை பெயின்ட். கம்பெனி பெயர் பொறித்த தகடு கழற்றப்பட்டிருந்தது. கியர் பாக்ஸில் சத்தம் வெளியே வராமலிருக்க எண்ணெயோடு கெட்டி கிரீஸைக் கலந்து அடைத்திருந்தார்கள். முதல் நாள் அதை வழித்துக் கழுவி, புது எண்ணெய் ஊற்றியதிலேயே போயிற்று. சத்தம் வந்தது, ஆனால் நியாயமான சத்தம். ஸ்பிண்டில் பேரிங் பரவாயில்லை. ஹேண்டிலைத் திருப்பினால் கால் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் மேஜை நகர்ந்தது. நட்டை இறுக்கிப் பாதியாகக் குறைத்தேன். ஸ்பிண்டில் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது, அதையும் நிமிர்த்தினேன்.

இரண்டாம் நாள் லெவல், டயல் எல்லாம் வைத்து மேஜையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினேன். முள் அசையவில்லை.

"மெஷின் சரியாயிடுச்சும்மா" என்று சொல்லிப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன்.

குமுதா விடவில்லை. "அப்படிப் போகாதீங்க சார். நான் ஒரு ஜாப் ஓட்டறேன், பக்கத்துல நின்னு பாருங்க. வெட்டும்போதுதான் ஏதோ பண்ணுது" என்றாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறேன்? நின்றேன். நிற்பதுதான் நிற்கிறோம் என்று டயலின் முனை மேஜையைத் தொடும்படி மாட்டி வைத்தேன். முதல் வெட்டு சுத்தம். இரண்டாவது வெட்டில் மேஜை அந்தக் கோடியை நெருங்கியபோது முள் துள்ளியது. அறுபது மைக்ரான். கட்டர் வெளியே வந்ததும் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டது. நின்றால் நல்ல பிள்ளை, வெட்டினால் தூக்குகிறது.

"பாத்தீங்களா?" என்றாள் குமுதா.

"பாத்தேம்மா" என்றேன்.

இது கிப் செய்கிற வேலை. சறுக்கும் இரண்டு பாகங்களுக்கு நடுவே ஆட்டம் இல்லாமலிருக்க ஆப்பு மாதிரி ஒரு நீள இரும்புப் பட்டை செருகியிருக்கும். அதைத்தான் கிப் என்போம். தேய்ந்துபோனால் அதன் பின்னால் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துக் கனம் கொடுப்போம். மேஜைக்குக் கீழே இருந்த கிப்பின் ஸ்க்ரூவைக் கழற்றிப் பட்டையை உருவினேன். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு தகடு வந்தது. பட்டையின் நீளத்தில் முக்கால்தான் இருந்தது. மிச்சக் கால் பங்கில் பின்னால் பிடிப்பு இல்லை. அந்தக் கோடியில் கட்டர் அழுத்தும்போது பட்டை வளைந்து கொடுத்திருக்கிறது, மேஜை தூக்கியிருக்கிறது. மண்ணெண்ணெயில் துடைத்தேன். ஓரத்தில் கீறியிருந்தது: 417.

என் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும். இதிலும் இருந்தது.

சந்தேகத்துக்கு மெஷினின் பின்பக்கம் பெயின்டைச் சுரண்டினேன். கம்பெனியில் குத்திய மெஷின் நம்பர் தெரிந்தது. ஏகாம்பரத்தின் மெஷின்.

எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தக் கிப்பைச் சரி செய்த அன்றைக்கு ஸ்டோரில் முழுத் தகடு இல்லை. இருந்த துண்டை வைத்துவிட்டு, தகடு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று மூடினேன். மறுநாள் மகள் பிறந்தாள். பத்து நாள் லீவு. திரும்பி வந்தபோது சுத்தமாக மறந்துபோயிருந்தது. பிடிப்பு தளர்ந்து அடுத்த மாதம்தான் பிளேட்டுகள் ரிஜெக்ட் ஆயின. ஏகாம்பரத்தை எடுத்த பிறகு அந்த மெஷினுக்குச் சின்ன ஜாப்பாகக் கொடுத்தார்கள், நடு மேஜையிலேயே முடிந்துவிடும். கோடி வரை போக வேண்டிய வேலை வரவில்லை, அதனால் யாரும் திறக்கவில்லை.

"என்ன சார் நம்பர் அது?" என்று குமுதா கேட்டாள்.

"பழைய ஃபிட்டர் எவனோ" என்றேன். அப்போதும் பொய்தான் வந்தது.

முழு நீளத்துக்குப் புதுத் தகடு வெட்டி, பட்டையைச் சுரண்டிப் பதம் பார்த்து மாட்ட ஒரு நாள் ஆயிற்று. குமுதா மூன்று பிளேட் வெட்டினாள். மூன்றும் இரண்டு முனையும் ஒன்று போல வந்தன. அவள் மைக்ரோமீட்டரை வைத்து வைத்துப் பார்த்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினோரு நாள் அது என் வீட்டு மேஜையில் கிடந்தது. கேட்க ஆள் இல்லாத வீட்டில் ஒரு தப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. தூக்கிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதையும் யோசித்தேன். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் வேப்பம்பட்டுக்கு வண்டி ஏறினேன்.

ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது தெரு. புஷ்பாதான் கதவைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. உள்ளே ஏகாம்பரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கைகளை மடியில் கோத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான்.

"கஜாவா?" என்றான். உட்காரச் சொல்லவில்லை. தானே உட்கார்ந்தேன்.

தகட்டை எடுத்து அவன் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். "இன்னா இது?" என்றான்.

"உன் மெஷின்ல இருந்துச்சு. கிப்புக்குப் பின்னாடி."

குனிந்து, கண்ணாடிக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "நானூத்திப் பதினேழு" என்று படித்தான். பிறகு, "குட்டையா கீது" என்றான். இருபது வருஷம் மில்லிங் பிடித்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"அப்புறம் மாத்தலாம்னு வெச்சேன். மறந்துட்டேன்."

"அந்தக் கோடியில தூக்குதுன்னு சொன்னேன்."

"சொன்னே."

"பக்கத்துல நில்லுன்னு சொன்னேன்."

"சொன்னே ஏகா. நான்தான் நிக்கல."

அவன் டிவியை நிறுத்தினான். "புஷ்பா, இங்க வா" என்று கூப்பிட்டான். டீத்தம்ளரோடு வந்தவளைக் காட்டி, "என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லு" என்றான். சொன்னேன். தகடு, அட்டை, கையெழுத்து, சிரித்தது, ஒன்றும் விடாமல் சொன்னேன். புஷ்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பசங்க முன்னாடி எவ்ளோ பேசிட்டேன் இவர. குடிச்சிக் குடிச்சி நீயே உன் வேலைய கெடுத்துக்கினியேன்னு" என்றாள்.

"எனுக்குத் தெரியும்டி, மெஷின்தான்னு. அன்னிக்கே தெரியும்" என்றான் ஏகாம்பரம்.

மன்னித்துவிடு என்றேன். "சரிப்பா. சொல்லிட்ட இல்ல. டீய குடிச்சிட்டுக் கெளம்பு" என்றான்.

கேட் வரை புஷ்பா வந்தாள். மெதுவாகப் பேசினாள். "தெரியும்னு சும்மா சொல்றாருண்ணே. எல்லாரும் சொன்னத அவரே நம்பிட்டாரு. ஊட்ல ஒரு ஸ்க்ரூ கழண்டாக்கூட தொட மாட்டாரு. தெருவுல போறவன கூப்ட்டு மாட்ட வெப்பாரு. ஏன்னு கேட்டா, என் கை சரியில்லம்மே, கம்பெனியிலயே எழுதிட்டாங்கன்னுவாரு."

நான் கேட்டைத் திறந்தேன், திரும்ப மூடினேன். உள்ளே போய் அவன் முன்னால் நின்றேன்.

"ஏகா, உன் மெஷின் அம்பத்தூர்ல ஓடுது. அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்றேன். நாளைக்கு வா. ஒரே ஒரு ஜாப் ஓட்டு. நான் கடைசி வரைக்கும் பக்கத்துல நிக்கறேன்."

அவன் மடியில் கோத்திருந்த கைகளைப் பிரித்து எனக்கு முன்னால் நீட்டினான். இரண்டும் நடுங்கின. விரல் நுனிவரை நடுங்கின.

"அன்னிக்கு நடுங்கலபா" என்றான். "இப்பதான், ரெண்டு வருசமா."

டிவியைப் போட்டுவிட்டுக் கைகளைத் திரும்ப மடியில் வைத்துக் கோத்துக்கொண்டான். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் போகச் சொல்லவில்லை. நானாகவே எழுந்து வந்துவிட்டேன்.